குறையுள்ள பொருள்

அத்தியாயம் 9

தங்கரத்தினம் மாமி ஒரு சொல்லுச் சொன்னால் அது கோணேசர் கோயில் மணி மாதிரி. அடித்தால் அடித்ததுதான். செத்துப்போன மகன் யதுர்சனின் சாமான் ஒன்றுகூட இனி இந்த வீட்டில் கிடக்கக்கூடாது என்று அவர் அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் சொருகிக்கொண்டு நின்றதைப் போன கிழமை பார்த்தோம் அல்லவா? அந்தத் திறப்பு இன்னும் மடியை விட்டு இறங்கவில்லை.

நாளைக்கு முப்பத்தோராம் நாள். வீட்டுக்கிருத்தியம். ஐயர் வருவார், சொந்தபந்தம் வரும், தானம் கொடுத்து முடிந்தால் போனவன் போகிற வழிக்குப் போவான், இருக்கிறவர்கள் இருக்கிற வேலையைப் பார்க்கலாம். மாமியின் எண்ணம் அப்படி.

விடிந்ததும் விறாந்தையில் தானச் சாமான்களை அடுக்கிவிட்டார். புதுக் குடை, செருப்பு, பாய், தலகணி, செம்பு, கரை போட்ட வேட்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில், சுவரில் சாய்ந்தபடி, யதுர்சனின் சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார்.

மருமகள் பூரணி அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. புருஷன் போன நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான். கண்ணுக்குப் படும், உள்ளுக்குப் போகாது.

"என்னம்மா இது? ஐயர் கிற்றாரை வைச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டான் நிருபன், யதுர்சனின் தம்பி. "திருவெம்பாவைக்கு அடிக்கிறதோ?"

"ஐயருக்கெண்டு ஆரடா சொன்னது, மொக்கு. றுமைஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். தானம் எண்டால் தானம். ஆர் வாங்கினால் என்ன?"

றுமைஸ் கிண்ணியாக்காரன். யதுர்சனோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் நிலாவெளி ஹோட்டலில் வாசித்தவன். மற்ற நாட்களில் ஓட்டோ ஓடுவான். அந்தக் கடைசிச் சனிக்கிழமை வாசித்து முடித்து வெளிக்கிடும்போது மழை தூறியது. நனையக்கூடாது என்று யதுர்சன் கிற்றாரை றுமைஸின் ஓட்டோவில் ஏற்றிவிட்டுத் தான் மோட்டார்சைக்கிளில் வந்தான். நிலாவெளி றோட்டில் மாடுகள் படுத்திருந்தன. கிற்றார் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

செத்தவீட்டுக்குப் பிறகு றுமைஸ் இந்தப் படலையைத் தாண்டவில்லை.

"உந்தச் சாமான் இல்லாட்டி என்ட பிள்ளை நிலாவெளிக்குப் போயிருப்பானோ?" என்றார் மாமி. குரல் உடையவில்லை. உடையவும் விடமாட்டார். "நாளைக்குச் சடங்கு முடியேக்குள்ள இது இந்த வீட்டில இருக்கக்கூடாது. நிரு, அதை ஒருக்கால் பார். எல்லாம் சரியா வேலை செய்யுதோ எண்டு. குறையுள்ள பொருளைத் தானம் குடுக்கேலாது. குடுத்தால் குறை குடுத்தவைக்குத்தான் திரும்பி வரும்."

"நான் என்னத்தைக் கண்டன் கிற்றாரை? படகு எஞ்சின் எண்டால் சொல்லு."

"கழட்டிப் பூட்டுறதெண்டால் நீ கேக்காமலே செய்வாய். குழாய், காத்தாடி, படலைக் கொண்டி எல்லாம் கழட்டிப் பூட்டியாச்சு. இந்த வீட்டில நான் ஒருத்திதான் மிச்சம்."

உண்மைதான். துறைமுகத்துப் படகுப் பட்டறையில் வேலை செய்கிற நிருபன், அண்ணனை எரித்துவிட்டு வந்த அடுத்த நாளே குசினிக் குழாயைக் கழற்றத் தொடங்கினவன். அழுகிறதற்குப் பதிலாக அவனுக்கு ஸ்க்ரூ ட்ரைவர். பூரணிக்கு அதுவும் இல்லை.

மாமி எவர்சில்வர் குவளையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பூரணி வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, சுடேல்லையா?"

அவள் குனிந்து பார்த்தாள். குவளையிலிருந்து ஆவி பறந்தது. விரல்கள் சிவந்திருந்தன. யாருடையவோ விரல்கள் மாதிரி.

"இல்லையே," என்றாள்.

மாமி குவளையைப் பறித்துக் கதிரையில் வைத்தார். மோதகத்துக்கு அரிசி இடித்துக்கொண்டு வா என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

* * *

மில்லில் கூட்டம். தோள்வரை மாவாக நின்ற இரண்டு பெண்கள் மெசின் சத்தத்துக்கு மேலால் கதைத்தார்கள். மெசின் சத்தத்தில் கதைக்கிறவர்கள் எப்போதும் தங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைப்பார்கள்.

"இவள்தானே ஐஸ் பக்டரி யதுவின்ட பெண்சாதி?"

"ஓம், விரும்பிக் கட்டினது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையாம். செத்தவீட்டில வந்த சனத்துக்குச் சோடா உடைச்சுக் குடுத்துக்கொண்டு நிண்டவளாம்."

"கல்லு நெஞ்சு."

பூரணிக்குக் கேட்டது. கோபம் வரும் என்று சும்மா நின்று பார்த்தாள். வரவில்லை. அழாதது உண்மைதானே, சோடா உடைத்ததும் உண்மைதானே. மா வந்ததும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஒழுங்கை முகப்பில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று யாரோ வீசின வாழைத்தோலை மென்றுகொண்டு நின்றது. துறைமுகத்துக்குள் கோதுமை மாக் கப்பல் ஒன்று ஊதியது. யதுர்சன் இருந்தால், "இது எந்தச் சுருதி சொல்லு பாப்பம்" என்று கேட்டிருப்பான். அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரியாது என்று சொல்வதற்காகவே கேட்பான்.

அவள் படலையைத் திறந்தபோது வீட்டுக்குள் இருந்து கிற்றார் சத்தம் வந்தது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், கால் வேகமாகப் போனது. பிறகு ஒவ்வொரு கம்பியாக, ஒரே அளவாக, யாரோ எண்ணிப் பார்க்கிற மாதிரித் தட்டுவது கேட்டது. கால் பழையபடி நடந்தது.

சாப்பாட்டு மேசையில் பழைய சாரத்தை விரித்து அதன்மேல் கிற்றாரைக் கிடத்தியிருந்தான் நிருபன். பக்கத்தில் தையல் மெசின் எண்ணெய், பல்லுத் தேய்க்கிற பிரஷ், இரும்பு அடிமட்டம். சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் வயரும் கொழுவியிருந்தது. அவன் முகத்தில் கனநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"அண்ணி, வாங்கோ வாங்கோ. நல்லவேளை பாத்தது. கம்பியெல்லாம் கோணலாக் கிடந்தது. இந்தா, இதுதான் பிரிட்ஜ். கம்பி வந்து இருக்கிற இடம். ஒவ்வொரு கம்பிக்குக் கீழயும் ஒரு சின்னச் சில்லு இருக்கு, தெரியுதா? இதை உருட்டினால் திருகாணிப் புரி வழியா அங்கால இங்கால நகரும். கம்பியும் சேர்ந்து நகரும்."

"ம்."

"மேல இருக்கிற தடிச்ச கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையில ஒரு வாய்க்கால் கிடந்தது அண்ணி. ரெண்டாவது போய் மூண்டாவதோட ஒட்டிக்கொண்டு நிண்டது. எங்கட படகில எஞ்சின் சாஃப்ட் இப்பிடிக் கோணினால் கடல் நடுவில உதறிச் செத்துப்போவம். இப்ப பாருங்கோ. அடிமட்டம் வைச்சுச் சரிபண்ணினது. எல்லா இடைவெளியும் ஒரே அளவு. புரியெல்லாம் பச்சைக் களிம்பு, அதையும் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு எடுத்திட்டன். புதுசு மாதிரி."

பூரணி மேசைக்குக் கிட்ட வந்தாள். ஆறு கம்பியும் கொப்பிக் கோடு போல நேராகக் கிடந்தன. பிரிட்ஜ் பளபளவென்று மின்னியது.

"அது கோணல் இல்லை," என்றாள்.

"என்ன அண்ணி?"

"கோணல் இல்லையடா. அது அவரின்ட விரல்."

நிருபன் ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தான்.

அவள் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைக்குப் போய்வந்த கதை சொல்வது போலச் சொன்னாள். வேலை செய்த ஐஸ் பக்டரியில் ஐஸ் கட்டி சரிந்து யதுர்சனின் வலக்கைப் பெருவிரலில் விழுந்தது நிருபனுக்கும் தெரியும். நகம் ஒரு பக்கம் மடிந்து, விரல் தடித்துப்போனதும் தெரியும். தெரியாதது, அதற்குப் பிறகு அந்த விரலுக்கு உணர்ச்சியே திரும்பவில்லை என்பது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அவன் பெருவிரலால்தான் மேல் கம்பிகளைத் தட்டுவான். விரலுக்கு ஒன்றும் விளங்காததால் ஒன்றைத் தட்டப் போய் இரண்டையும் சேர்த்துத் தட்டிவிடும்.

"ஹோட்டலில தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. எனக்கு மட்டும் சொன்னவர். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் இந்த மேசையில இருந்துதான் அந்தச் சில்லை உருட்டி உருட்டி, அவரின்ட பெருவிரல் மற்றக் கம்பியில படாமல் போய்வாற அளவுக்கு இடம் விட்டனாங்கள்."

குசினிக்குள் மாமி தேங்காய் துருவுகிற சத்தம் கொஞ்சம் மெதுவானது.

"அலுமாரியில அவரின்ட உடுப்பு இருக்கு. தோய்ச்சு மடிச்சது," என்றாள் பூரணி. "படத்தில முகம் இருக்கு. ஆனால் அவரின்ட கை எப்பிடி இருந்ததெண்டு இந்த வீட்டில ஒரு சாமானுக்குத்தான் தெரியும். அதைத்தான் நீ நேராக்கிப் போட்டாய்."

ஏசியிருந்தால் நிருபனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. மாப் பையை இன்னும் இடுப்பில் அணைத்தபடி நின்றாள்.

"திருப்பி வைச்சுத் தாறன் அண்ணி. இந்தா, இப்பவே. பழைய இடம் தெரியும், சில்லு இருந்த இடத்தில களிம்பு பிடிச்சிருக்காது, புரி மினுங்கிக்கொண்டு..." அவன் குனிந்தான். பிரிட்ஜைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

முழுப் புரியும் மினுங்கியது. அவனே தேய்த்தது.

"ஐயோ," என்றான் மெதுவாக. "நான் அளந்தும் பாக்கேல்ல. பிழையெண்டு நினைச்சதை ஆர் அளப்பினம்?"

* * *

பூரணி மாப் பையை இறக்கி வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, யதுர்சனுக்கு எதிரே அவள் எப்போதும் இருக்கிற பக்கமாக இருந்தாள். வலக்கைச் சுண்டுவிரலை நீட்டி, மேல் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் வைத்தாள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில்.

"இதுதான் அளவு," என்றாள்.

"எது?"

"என்ட விரல். உன்ட கொண்ணன் அடிமட்டம் தேடினவர், கிடைக்கேல்ல. நீதான் பட்டறைக்குக் கொண்டு போட்டாய். உன்ட சுண்டுவிரலைத் தா பூரணி, அது என்ட பெருவிரலை விடக் கொஞ்சம்தான் மெலிவு எண்டவர். நான் தடிச்சி எண்டு சொல்லுறீங்களோ எண்டு ஒரு நாள் முழுக்கச் சண்டை." சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. "விரலை வைச்சால் ரெண்டு கம்பியும் தொட்டும் தொடாமலும் நிக்கவேணும். கம்பி மாத்துற நேரமெல்லாம் அப்பிடித்தான் பாப்பம்."

இப்போது விரல் இரண்டு கம்பிக்கும் இடையில் நெருக்குப்பட்டுக் கிடந்தது. நிருபன் கம்பியைத் தளர்த்தினான். சில்லை நகத்தால் ஒரு சுற்று உருட்டினான். மறுபடி இறுக்கினான்.

"இப்ப தொடுதா அண்ணி?"

"தெரியேல்ல."

இன்னும் ஒரு சுற்று. "இப்ப?"

"தெரியேல்லயடா."

"விட்டுட்டுதோ? இல்லாட்டி இன்னும் படுதோ?"

பூரணி தன் விரலைப் பார்த்தாள். கம்பி தோலில் பதிந்து வெள்ளைக் கோடாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. காலையில் குவளை சுட்டது தெரியாத மாதிரி, மில்லில் கேட்டது உறைக்காத மாதிரி. யதுர்சனுக்கு ஒரு விரல்தான் செத்திருந்தது. தனக்கு எது மிச்சம் என்று அவள் யோசித்தாள்.

அந்த விரலோடு அவன் எப்படி வாசித்தான்? ஒருநாள் கேட்டிருக்கிறாள். "விரலுக்குத் தெரியாட்டி என்ன, காதும் செத்தோ போச்சு?" என்றான்.

"நிரு," என்றாள். "கம்பியைத் தட்டு. தட்டிக்கொண்டே உருட்டு."

அவன் தட்டினான். ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்து டொக் என்றது. விரல் பட்ட கம்பி பாடாது. உருட்டித் தட்டினான். டொக். இறுக்கித் தட்டினான். டொக். மரக்கட்டையில் சுத்தியல் போட்ட மாதிரி. இன்னும் ஒரு கால் சுற்று. டொக்.

பிறகு ஒரு தட்டு.

கம்பி அவளுடைய விரலை விட்டது. ஆழமாக, நீளமாக, வீடு முழுக்க நிறைகிற மாதிரி ஒலித்தது. மேசை அதிர்ந்தது, மேசையில் இருந்த எண்ணெய்ப் போத்தல் அதிர்ந்தது. குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் பட்டென்று நின்றது.

பூரணி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இதுதான் அண்ணி! சரி வந்திட்டுது!" என்று நிருபன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

அவள், யதுர்சன் தட்டுகிற மாதிரி, தன் பெருவிரலை அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"இல்லை. காணாது. இதைவிட அகலம்."

"உங்கட விரல் விட்டுட்டுதே. அதுதானே அளவெண்டு சொன்னீங்கள்?"

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். கலியாண மோதிரம் விரலின் அடியில் தளர்ந்துபோய், கவிழ்ந்து கிடந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"அளவு மெலிஞ்சு போச்சு, நிரு."

நிருபனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அவன் முகம் கோணியது. அண்ணனைக் கொண்டுபோன அன்றைக்கு வராதது இப்போது கண்ணில் வந்து நின்றது. புறங்கையால் துடைத்தான். எண்ணெய் கன்னத்தில் இழுபட்டது.

"அப்ப என்ன செய்யிறது அண்ணி?"

கேள்விக்குப் பதில் குசினி வாசலில் இருந்து வந்தது.

"வேற என்ன? சாப்பிட வேண்டியதுதான்."

தங்கரத்தினம் மாமி ஒரு கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றார். சோறு, பருப்பு, வாழைக்காய்க் குழம்பு. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. மற்றக் கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"அவனுக்கு விரல் செத்துப்போச்செண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "நான் அந்த விரலுக்கு நல்லெண்ணெய் பூசிப் பூசி, சுகமோடா மோனை எண்டு கேப்பன். சுகமா இருக்கம்மா எண்டுவான். கள்ளன்."

கோப்பையைப் பூரணியின் மடியில் வைத்தார். பூரணி ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். ருசி தெரிந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் இரண்டாவது வாயையும் யாரும் சொல்லாமல் தானாகவே எடுத்தாள். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் கிற்றார் கிடந்தது. ஐந்து கம்பி ஒரு பக்கம் ஒதுங்கி, ஒன்று தனியாக.

"மாமி," என்றாள் பூரணி, சோற்றைக் குழைத்தபடி. "இது இப்ப நேரா இல்லை. சரியாகவும் இல்லை. நான் தேறி வரும்வரைக்கும் இதைச் சரிபண்ணவும் ஏலாது. அப்ப இது..."

மாமி கையை உயர்த்தினார். கதையை நிறுத்து என்கிற கை. பூரணி நிறுத்தினாள். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்காத மனுஷியிடம் இதற்குமேல் என்ன சொல்கிறது?

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. படலையடியில் வந்து நின்றது.

றுமைஸ் இறங்கினான். மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. தோளில் வெறும் கிற்றார்ப் பை தொங்கியது. படலைக் கொண்டியில் கை வைத்தான், திறக்கவில்லை.

"அம்மா, வரச் சொன்னீங்கள்," என்றான்.

மாமி விறாந்தைக்கு வந்தார். தானச் சாமான் வரிசையைக் கடந்து, குடையைக் கடந்து, செருப்பைக் கடந்து, கிற்றார் இருந்த வெறும் இடத்தில் நின்றார். மடியில் கிடந்த திறப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஓம் தம்பி, வரச் சொன்னனான்தான். ஆனால் அது இப்ப குடுக்கேலாது," என்றார். "குறையுள்ள பொருள். தானம் குடுக்கக்கூடாது. வெறும் பையோட திரும்பிப் போகாமல் உள்ளுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

உள்ளே பூரணியின் கை கோப்பையில் அப்படியே நின்றது.

றுமைஸ் போகவில்லை. உள்ளே வரவும் இல்லை. மாமியின் தோளுக்கு மேலால் மேசையடியில் இருந்த பூரணியைப் பார்த்தான்.

"நான் கிற்றாரை எடுக்க வரேல்ல அம்மா," என்றான். "அண்டைக்கு மழைக்குள்ள யது ஏன் என்ட ஓட்டோவில ஏறேல்ல எண்டு அக்காட்டச் சொல்ல வந்தனான்."